பின்னாலிருந்து பிரித்து, முன்னால் அழுத்தி: டேனிஷ் நெடுஞ்சொற்களோடு பழகிய அனுபவம்

டென்மார்க்கில் கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்திலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்கும் புதியவரை முதலில் தடுத்து நிறுத்துவது இலக்கணம் அன்று. 20, 25 எழுத்துகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்பதைக் கண்டுதான் கண் தடுமாறுகிறது. மேற்கு யூலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவள் நான். வேலைத்தலத்தில் நோயாளர் குறிப்புகளை நாள்தோறும் வாசித்தும் எழுதியும் வருகிறேன். மாலை வேளைகளில் நம்மவர்களில் புதிதாக வந்தவர்கள் தம் கடிதங்களோடு வீட்டுக்கு வருவார்கள். "அக்கா, இந்தச் சொல் எங்கே முடிகிறது?" என்பதுதான் அவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி. கேள்வி சரியானதே, ஏனெனில் முடியும் இடத்தில்தான் அந்தச் சொல்லின் பொருள் இருக்கிறது. வாயால் சொல்லும்போதோ முழுப் பாரமும் தொடக்கத்தில் விழுகிறது. இந்த இரண்டு திசைகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பழகிய விதத்தையே இங்கே எழுதுகிறேன். டேனிஷ் ஒலிகள் பலவற்றுக்குத் தமிழில் எழுத்து இல்லையாதலால், கீழே தரும் ஒலிபெயர்ப்புகளைத் தோராயமானவை என்றே கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கு மிகவும் பழகிய சொல்லிலிருந்து தொடங்கலாம். குடும்ப இணைவு அனுமதியைக் குறிக்கும் 'ஃபமீலியஸமன்ஃபோரிங்' என்பதில் டேனிஷ் எழுத்துகள் 19 உள்ளன. கடைசியில் நிற்கும் 'ஸமன்ஃபோரிங்' என்றால் ஒன்றுசேர்த்தல். முன்னால் உள்ள 'ஃபமீலிய' என்றால் குடும்பம். பொருள் எளிதாகக் கிடைத்துவிடுகிறது, ஏனெனில் தமிழிலும் பாடசாலைப் பேருந்து என்பது ஒரு வகைப் பேருந்தே தவிர ஒரு வகைப் பாடசாலை அன்று. டேனிஷில் 'ஸ்கோலபுஸ்' என்பதும் அவ்வாறே அமைந்தது. இறுதிச் சொல்தான் தலை, முன்னால் வருபவை எல்லாம் அதற்கு அடை என்ற வழக்கம் நமக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டதால், பொருள் பிரிப்பதில் தமிழர் பின்தங்க வேண்டிய காரணமே இல்லை.

சிக்கல் உச்சரிப்பில் தொடங்குகிறது. கூட்டுச்சொல்லில் அழுத்தம் முதலில் விழும் என்று மொழிப்பாடசாலையில் சொல்லித் தருவார்கள். அது பாதி உண்மைதான். அதைக் கேட்டவர்கள் 'ஃப' என்ற முதல் அசையை அழுத்திச் சொல்லிவிடுகிறார்கள், கேட்பவருக்கோ குடும்பம் என்ற சொல்லே காதில் விழுவதில்லை. 'ஃபமீலிய' தனியாக நிற்கும்போது 'மீ'யில் அழுத்தம் பெறும் சொல். கூட்டுச்சொல்லின் முதல் உறுப்பாகும்போதும் அழுத்தம் அதே 'மீ'யில்தான் நிற்கும். விதியைச் சரியாகச் சொன்னால், முதல் உறுப்பு எது என்று கண்டு, அந்த உறுப்பு தனக்கென வைத்திருக்கும் அழுத்தத்தை அப்படியே முழுச் சொல்லின் முதன்மை அழுத்தமாக்க வேண்டும். இரண்டாம் உறுப்புக்கும் சொந்த அழுத்தம் உண்டு. ஆனால் அது ஒரு படி கீழிறங்கித் துணை அழுத்தமாகிவிடும். எனவே 'மீ' உயர்ந்தும், 'ஸம்' ஓரளவு எழுந்தும், மற்ற அசைகள் எல்லாம் தாழ்ந்தும் ஒலிக்கும்.

மருத்துவச் சொற்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் லத்தீன், பிரெஞ்சு வழி வந்த சொற்கள் பெரும்பாலும் இறுதியில் அழுத்தம் பெறுபவை. பல்கலைக்கழக மருத்துவமனை 'உனிவர்ஸிதேத்ஸ்ஹொஸ்பிதால்' எனப்படுகிறது. இதில் முதன்மை அழுத்தம் 'தேத்'தில் விழ, 'தால்' துணை அழுத்தம் பெறுகிறது. முதல் அழுத்தம் வருவதற்குள் நான்கு அசைகள் ஓடிவிடுகின்றன! மருந்து கையாளுதலைக் குறிக்கும் 'மெடிஸீன்ஹோன்தேரிங்' என்ற சொல்லை எங்கள் வேலையில் ஒரு நாளும் தவிர்க்க முடியாது. இதில் 'ஸீன்' முதன்மையும் 'தே' துணையும் ஆகும்; எந்த உறுப்பிலும் முதலசை அழுத்தம் பெறவில்லை.

இத்தனை கவனம் தேவையா, எல்லா அசைகளையும் ஒரே சீராகத் தெளிவாகச் சொன்னால் புரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்க் காதுக்கு அது நியாயமான கேள்விதான். தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றுவதில்லை. டேனிஷில் அழுத்தங்களின் எண்ணிக்கைதான் சொற்களின் எண்ணிக்கையைக் காதுக்குச் சொல்கிறது. 'டான்ஸ்க் லேரர்' என்று இரண்டு சொல்லையும் சம அழுத்தத்தோடு சொன்னால் டென்மார்க் நாட்டவரான ஓர் ஆசிரியர் என்று பொருள். 'டான்ஸ்க்' என்பதில் மட்டும் முதன்மை அழுத்தம் வைத்து ஒரே சொல்லாகச் சொன்னால் டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர், அவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் மொழி ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சமமாக அழுத்தினால், எதிரே இருப்பவர் புருவத்தைச் சுருக்குவது இதனால்தான். எழுத்திலும் இதே வேறுபாடு உண்டு. முதன்மை அழுத்தம் ஒன்றானால் ஒரே சொல்லாக எழுது, இரண்டானால் பிரித்து எழுது என்று டேனிஷ் பிள்ளைகளுக்கே பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அவர்களே இதில் தவறுவதைக் கடைப் பலகைகளில் பார்க்கலாம் என்பது நமக்குச் சிறிய ஆறுதல்.

இனி, உறுப்புகளை எங்கே வெட்டுவது? என் அனுபவத்தில் மிகுந்த நேரம் எடுத்ததும் மிகுந்த பயன் தந்ததும் இதுதான். முதலில் சொல்லின் வாலைக் கழற்ற வேண்டும். 'என்', 'எத்', 'எர்ன' போன்ற ஈறுகள் குறிப்பிட்ட ஒன்றையோ பலவற்றையோ சுட்டும் ஒட்டுகள். அவற்றுக்குப் பொருள் தேடித் திரிய வேண்டியதில்லை. கோபன்ஹேகனின் முதன்மைத் தொடருந்து நிலையத்தை 'ஹோவெத்பானகோர்தென்' என்று எழுதியிருப்பார்கள். 'என்' கழன்றால் எஞ்சுவது 'ஹோவெத்', 'பான', 'கோர்த்' ஆகிய மூன்றும்தான். அவற்றுள்ளும் 'பானகோர்த்' முதலில் சேர்ந்து தொடருந்து நிலையமாகி, பிறகு தலைமை என்னும் 'ஹோவெத்' அதன் முன் வந்து உட்கார்ந்தது.

வாலைக் கழற்றியபின் இணைப்பெழுத்தைத் தேட வேண்டும். டேனிஷில் உறுப்புகளை ஒட்டும் பசை பெரும்பாலும் 'ஸ்' என்ற எழுத்து; சில சொற்களில் 'எ' என்ற உயிர் வரும்; பல இடங்களில் எதுவுமே இல்லை. 'ஹெத்', 'ஸ்காப்', 'டோம்', 'ஷோன்', 'தேத்' ஆகிய ஈறுகளில் முடியும் பெயர்கள் கூட்டுச்சொல்லின் முதல் உறுப்பானால் 'ஸ்' ஏற்கும். 'இங்'கில் முடிபவையும் பெரும்பாலும் அப்படியே. நீண்ட சொல்லின் நடுவே 'ஹெத்ஸ்', 'ஷோன்ஸ்', 'இங்ஸ்' ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் அங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்று துணிந்து பென்சிலால் கோடு போடலாம். அடுத்த உறுப்பும் 'ஸ்' எழுத்தில் தொடங்கினால் இரண்டு 'ஸ்' அடுத்தடுத்து நிற்கும், ஒன்றைக் குறைக்க மாட்டார்கள். நாட்டின் சுகாதார ஆணையமான 'சொன்ஹெத்ஸ்ஸ்த்யூரல்ஸன்' என்ற பெயரில் முதல் 'ஸ்' பசை, இரண்டாவது 'ஸ்த்யூரல்ஸ' என்ற அடுத்த உறுப்பின் தலையெழுத்து.

பசை எழுத்து வேறொரு சேதியும் சொல்கிறது. 'வின்க்ளாஸ்' என்ற வைன் கிண்ணத்தில் 'ஸ்' பசை கிடையாது. அதுவே சிவப்பு வைனுக்கான கிண்ணமானால் 'ரோத்வின்ஸ்க்ளாஸ்' ஆகிறது. முதல் உறுப்பே ஏற்கெனவே ஒரு கூட்டுச்சொல்லாக இருக்கும்போது இப்படி ஒரு 'ஸ்' வந்து, பெரிய மூட்டு இங்கேதான் என்று காட்டிக்கொடுக்கும். மேசைக்கால் என்னும் 'போர்த்பேன்' பசையின்றி நிற்க, எழுதுமேசை இழுப்பறையான 'ஸ்க்ரீவபோர்த்ஸ்ஸ்கொஃப' பசையோடு வருவதும் அதே வழக்கம். வாசிக்கும்போது நாக்குக்கு ஒரு சிறு ஓய்வு வேண்டுமானால் அந்த 'ஸ்' எழுத்துக்குப் பின்னால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் எடுத்தால் சொல் உடைந்துவிடும்.

'ஸ்' கண்ட இடமெல்லாம் பசை என்று நினைத்துவிடவும் கூடாது. எங்கள் வேலையில் நாள்தோறும் வரும் ஒரு சொல்லும், படிவங்களில் நாள்தோறும் வரும் ஒரு சொல்லும் இதை நன்றாகக் காட்டும். படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு அழுத்தத்தால் உண்டாகும் புண் 'த்ரொக்ஸோர்' எனப்படுகிறது. பிறந்த ஆண்டு 'ஃபோஸல்ஸோர்' எனப்படுகிறது. இரண்டின் முடிவிலும் ஒரே மூன்று எழுத்துகள் இருந்தாலும் வெட்டும் இடம் வேறு: முன்னதில் 'ஸோர்' என்ற புண் முழுதாக நிற்கிறது, பின்னதில் 'ஸ்' பிறப்பின் பசையாகி 'ஓர்' என்ற ஆண்டு மட்டும் எஞ்சுகிறது. முதற்சொல்லை மாற்றி வெட்டினால் அழுத்தத்தின் ஆண்டு என்றும், இரண்டாவதை மாற்றி வெட்டினால் பிறப்புப் புண் என்றும் பொருள் தரும். இவ்விடத்தில் ஒலி உதவாது. 'ஃபோஸல்' என்பது பசை ஏற்கும் சொல், 'த்ரொக்' இரண்டு உறுப்புச் சொல்லின் முதலில் பசை ஏற்காத சொல் என்ற பழக்கம்தான் உதவும். ஆனால் புண் தடுப்பு என்று சொல்லை நீட்டினால் 'த்ரொக்ஸோர்ஸ்' என்று இன்னொரு 'ஸ்' வந்துசேரும், ஏனெனில் இப்போது முதல் உறுப்பே கூட்டுச்சொல்லாகிவிட்டது.

இதே பொறி எழுத்துக்கூட்டல் என்ற சொல்லிலேயே இருக்கிறது. 'ரெட்ஸ்க்ரிவ்னிங்' என்பது சரி என்னும் 'ரெட்' ஒரு பக்கமும் எழுதுதல் என்னும் 'ஸ்க்ரிவ்னிங்' மறுபக்கமுமாகப் பிரியும். நீதிமன்ற வழக்கைக் குறிக்கும் 'ரெட்ஸ்ஸாக்' என்பதிலோ 'ரெட்ஸ்' வரை முதல் உறுப்பு. வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கும் இதுவே அடிப்படை. 1955இல் நிறுவப்பட்டு 2019இல் பூன் தீவின் போகன்ஸ நகருக்கு மாற்றப்பட்ட டேனிஷ் மொழிக் கழகம் வெளியிடும் அதிகாரபூர்வ அகராதி, கூட்டுச்சொற்களை அவற்றின் உறுப்புகளுக்கிடையே உடைக்கச் சொல்கிறது. பசை எழுத்து முன் உறுப்போடுதான் தங்க வேண்டும். செல்பேசித் திரைகளில் சில செயலிகள் இதைக் கண்டுகொள்ளாமல் கண்ட இடத்தில் சொல்லை வெட்டிவிடுகின்றன. புதியவர்கள் அந்த வெட்டை நம்பி வாசிக்க வேண்டாம்.

மிக நீளமான டேனிஷ் சொல் என்று அடிக்கடி காட்டப்படும் 51 எழுத்துச் சொல்லை இனி எடுத்துக்கொள்ளலாம். அன்றாடப் பேச்சில் யாரும் அதைச் சொல்லுவதில்லை, ஆனாலும் பயிற்சிக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது: 'ஸ்பெஸ்யால்லேயப்ராக்ஸிஸ்ப்ளேன்லெக்னிங்ஸ்ஸ்டபிலிஸேரிங்ஸ்பெரியோத'. வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் 'பெரியோத' ஒரு காலப்பகுதி. அதன் முன் 'இங்ஸ்' கண்ணில் படுகிறது. எனவே 'ஸ்டபிலிஸேரிங்', நிலைப்படுத்தல். மறுபடியும் ஓர் 'இங்ஸ்': 'ப்ளேன்லெக்னிங்', திட்டமிடல். அடுத்து 'ப்ராக்ஸிஸ்', இது மருத்துவரின் தொழிலகம், இதன் ஈற்று 'ஸ்' பசை அன்று, சொல்லின் சொந்த எழுத்து. கடைசியாக 'ஸ்பெஸ்யால்லேய', சிறப்பு மருத்துவர். ஆக, சிறப்பு மருத்துவர் தொழிலகத் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலப்பகுதி. தமிழ்ச் சொல்வரிசையும் டேனிஷ் உறுப்பு வரிசையும் இங்கே அப்படியே பொருந்திவிடுகின்றன.

சொல்லும்போது முதன்மை அழுத்தம் 'ஸ்யால்' மேல் ஒருமுறை மட்டும் விழும். எழுத்தில் மூன்று அசையாகத் தெரியும் 'ஸ்பெ-சி-ஆல்' வாயில் இரண்டே அசையாகச் சுருங்குவதையும் இங்கே கவனிக்க வேண்டும். பின்னர் 'ப்ராக்', 'ப்ளேன்', 'ஸே', 'ஓ' ஆகிய நான்கும் துணை அழுத்தம் பெறும் மேடுகள். மற்ற அசைகளை அவற்றுக்கிடையே விரைந்து கடந்துவிடலாம். எல்லா மேடும் ஒரே உயரமானால் கேட்பவர் ஐந்து சொற்களாக எண்ணிக்கொண்டு, இடையில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று காத்திருப்பார்.

நான் பிறருக்குச் சொல்லித் தரும் பயிற்சி, சொல்லைப் பின்னாலிருந்து கட்டுவது. இரத்த அழுத்தமானி 'ப்ளோத்த்ரொக்ஸ்மோலர்' எனப்படுகிறது. முதலில் 'மோலர்' என்று மட்டும் சொல்ல வேண்டும், அழுத்தம் 'மோ'வில். பின்னர் 'த்ரொக்' தனியாக. பின்னர் 'ப்ளோத்த்ரொக்' என்று சேர்த்து, அழுத்தத்தை 'ப்ளோத்' மேல் ஏற்றி, 'த்ரொக்' தாழ்வதைக் காதால் கேட்க வேண்டும். இறுதியில் முழுச் சொல்லையும் சொல்லும்போது, சற்றுமுன் தனியே முழுப் பாரம் தாங்கிய 'மோ' துணை அழுத்தத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். விரலால் மேசையில் தட்டிக்கொண்டே செய்வது நல்லது, ஆனால் முழுச் சொல்லுக்கும் ஒரே ஒரு தட்டுத்தான். இரண்டாவது தட்டுக்கு விரல் தானாக எழுந்தால், அழுத்தம் இன்னும் பங்கு பிரிந்து கிடக்கிறது என்று பொருள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'டென் டான்ஸ்க ஓர்போ' அகராதி முதன்மை அழுத்தத்தை மேலே ஒரு கோட்டாலும் துணை அழுத்தத்தைக் கீழே ஒரு கோட்டாலும் குறிக்கிறது. பல சொற்களுக்கு ஒலிப்பதிவும் உண்டு. நீண்ட சொல் அதில் கிடைக்கவில்லையென்றால் உறுப்புகளைத் தனித்தனியே தேடிக் கேட்டுவிட்டு, மேற்சொன்னபடி சேர்த்துக்கொள்ளலாம்.

'ஸ்டோத்' எனப்படும் குரல்வளைத் தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிலம் என்ற 'லான்', மனிதன் என்ற 'மான்' இரண்டும் தனியே நிற்கையில் குரல் ஒரு கணம் நெரிபடும். விவசாயி என்ற 'லான்மான்' ஆகும்போது முன் உறுப்பில் அந்த நெரிவு நீங்கிவிடும், பின் உறுப்பில் நிற்கும். சூரியன், சூரிய ஒளி போன்ற சொற்களிலும் இந்த மாற்றம் கேட்கும். தொடக்கத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. அழுத்தம் சரியாக விழுந்தால் பேச்சு புரிந்துவிடும். டென்மார்க்கின் தென்பகுதிகளில் ஸ்டோத் இல்லாமலே பேசி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

விதிக்கு அடங்காதவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நகரபிதா 'போர்மெஸ்தர்' என்பதில் அழுத்தம் 'மெஸ்'சில் விழுகிறது. ஆனால் கோபன்ஹேகனின் தலைமை நகரபிதா 'ஓவர்போர்மெஸ்தர்' ஆகும்போது அது முன்னால் 'ஓ'வுக்குத் தாவிவிடுகிறது. 'லி', 'தி' என முடியும் உரிச்சொற்கள் சில இரண்டாம் உறுப்பில் அழுத்தம் பெறும்: சாத்தியமான என்னும் 'சான்ஸ்யூன்லி', நியாயமான என்னும் 'ரெட்ஃபேர்தி', விசித்திரமான என்னும் 'மேர்க்வேர்தி'. இவற்றை விதியால் பிடிக்க முயன்று நேரத்தை வீணாக்குவதைவிட, ஒவ்வொன்றாக மனனம் செய்வதே சுலபம்.

ஊர்ப்பெயர்கள் தனி உலகம். கோபன்ஹேகனை டேனிஷ்காரர் 'கோபன்ஹௌன்' என்று இறுதியில் அழுத்துகிறார்கள். 'ஹெல்ஸிங்ஓர்', 'ஃப்ரெத்ரெக்ஸ்பேர்', 'நோரப்ரோ', எங்கள் பக்கத்து 'ஹொல்ஸ்தப்ரோ' எல்லாம் அவ்வகை. 'ஓல்போர்', 'எஸ்ப்யேர்' போன்றவையோ முதலில் அழுத்தம் பெறும். இவற்றைக் கற்றுக்கொள்ளத் தொடருந்தில் வரும் நிலைய அறிவிப்பை விட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரே பெயர் ஒரே குரலில் திரும்பத் திரும்ப வரும். இறுதியில் அழுத்தம் பெறும் ஊர்ப்பெயர் கூட்டுச்சொல்லின் முதல் உறுப்பானாலும் அழுத்தம் நகராது: 'நோரப்ரோகாத' என்ற தெருப்பெயரில் அது 'ப்ரோ'விலேயே நிற்கும். நம் இனப்பெயரும் இப்படி ஒரு டேனிஷ் கூட்டுச்சொல்லுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1987 முதல் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நீதியமைச்சு கிடப்பில் போட்டது அம்பலமாகி, 1993 சனவரியில் பௌல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலக நேர்ந்த விவகாரம் அங்கே 'தமீல்ஸாயன்' என்று அறியப்படுகிறது. நாம் 'த'வில் தொடங்கிச் சமமாகச் சொல்லும் பெயர் அவர்கள் வாயில் 'மீ'யில் நீண்டு அழுத்தம் பெறுகிறது, 'ஸாயன்' என்ற வழக்கு அதன் பின்னால் தாழ்ந்து வருகிறது. நம் பெயரை நம்மைப் போலச் சொல்லுங்கள் என்று அவர்களைத் திருத்தலாம். ஆனால் அந்தக் கூட்டுச்சொல்லை நாம் டேனிஷில் சொல்லும்போது 'மீ'யை அழுத்தாவிட்டால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர்களுக்குப் புரியாது.

யூலாந்தில் முதியவர்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பாடசாலையில் கற்ற அசைப் பிரிப்பு இங்கே அப்படியே கேட்காது. அழுத்தமற்ற 'எ' என்னும் ஈற்றுயிரைப் பழைய தலைமுறையினர் விழுங்கிவிடுகிறார்கள். 'பான' என்பது 'பான்' ஆகிவிடும். மேற்கு யூலாந்துப் பேச்சில் 'என்', 'எத்' என்ற வால் சொல்லின் பின்னால் வருவதே இல்லை, 'எ' என்ற சிறு சொல்லாக அது முன்னால் போய்விடுகிறது. ஆகவே அவர்கள் சொல்லும் நீண்ட சொல்லில் கழற்றுவதற்கு வாலும் இராது, எண்ணுவதற்குப் புத்தகத்தில் உள்ள அத்தனை அசையும் இரா. முதல் உறுப்பின் அழுத்தம் மட்டும் பெரும்பாலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கேட்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு, எஞ்சியதைச் சூழலிலிருந்து ஊகித்து, உறுதியில்லாவிட்டால் அந்த முதல் உறுப்பை மட்டும் திருப்பிச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் அவர்களே மீதியை மெதுவாகச் சொல்லிவிடுவார்கள்.